ஒரே பாடம், காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை

1. நாற்காலி

பிரின்சிபால் நாற்காலியில் நான் முதன்முதலாக உட்கார்ந்த அன்று என் மகளுக்குக் காய்ச்சல். கணவருக்குக் காலை ஷிப்ட். பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போயிருந்தார். செவ்வாப்பேட்டையில் இருக்கும் என் அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் அவர் ரயில் மாறி வந்து சேரும்போது பாதி நாள் போயிருக்கும். அதனால் இரண்டரை வயது மகிழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோள்பையில் சிரப்பும் ஈரத்துணியுமாகக் கல்லூரிக்குள் நுழைந்தேன். முதல் நாளே இப்படிப் போகிறோமே, யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசனை.

எங்களுடையது கும்மிடிப்பூண்டிக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சின்ன கத்தோலிக்க மகளிர் கல்லூரி. ஒரு கன்னியர் சபை நடத்துகிறது. அதுவரை பிரின்சிபாலாக எப்போதும் ஒரு சிஸ்டர்தான் இருந்தார். எனக்கு முன் இருந்த சிஸ்டர் பிரகாசிக்கு வயது வரம்பு வந்துவிட்டது. அடுத்து வரக்கூடிய சிஸ்டர்களில் யாருக்கும் டாக்டர் பட்டம் இல்லை. பட்டம் முடித்திருந்தவள் நான் ஒருத்திதான். மகிழினி வயிற்றில் இருக்கும்போது தீசிஸ் சப்மிட் பண்ணியவள். அதனால் எனக்கு 'பிரின்சிபால் இன்சார்ஜ்' என்று உத்தரவு வந்தது. சிஸ்டர் பிரகாசி கல்லூரிச் செயலராக எதிர் அறைக்கு மாறினார்.

எதிர் அறை வாசலிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். இத்தனை வருடம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை.

"பிள்ளைக்கு மேலுக்கு சுடுதா? இங்க கொண்டா. நீ போய் உக்காரு, கலை. நாற்காலி கடிக்காது, கேட்டியா."

"சிஸ்டர், உங்க வேலை..."

"இனிமே எனக்கு என்ன வேலை? கையெழுத்துப் போடுகது உன் வேலை. பிள்ளைய பாக்குகது என் வேலை."

மகிழினி அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன். நாற்காலி என் உயரத்துக்கு ஒத்துவரவில்லை, கால் தரையில் படவில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லலாமா, வந்த அன்றே நாற்காலியை மாற்றச் சொன்னாள் என்று ஆகிவிடுமா என்று யோசித்தே காலை போனது.

மதியம் சிஸ்டர் வந்து எதிரே உட்கார்ந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மதர் பேசினாங்க. பி.காம் முதல் வருஷம் ரெண்டு வருஷமா பாதிகூட நிறையல்ல. இந்தத் தடவ ஒரு கிளாஸாவது நிறைஞ்சா காலேஜ். இல்லேன்னா அடுத்த வருஷம் இந்தக் கட்டடத்துல இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். முதல் வருஷம் தொறந்ததும் நேர்ல வந்து பாக்காங்களாம்."

மதர் என்று அவர் சொன்னது சபையின் புரோவின்ஷியலை. எங்கள் பகுதியில் இருக்கும் எல்லாக் கன்னியர் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் அவர்தான் தலைவி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஸ்கூல் ஆனால் எங்களில் சிலருக்கு வேலை நிலைக்கும். எனக்கும் நிலைக்கலாம். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரப் பெண்களுக்கு அடுத்த கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு பஸ் என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலான அப்பாக்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

"என்கிட்ட ஏன் சிஸ்டர் குடுத்தீங்க?" என்று கேட்டேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"வேற ஆள் இல்லல்லா," என்றார் சிஸ்டர். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டாச்சு," என்று மட்டும் சொன்னார்.

2. தையல் வகுப்பு

புதிதாக இங்கே வேலைக்குச் சேர்பவர்கள் இந்தக் கல்லூரி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நானே பிரின்சிபால் ஆன பிறகுதான் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பங்களுக்கு, கம்பெனிகள் வந்தபோது வேலை போயிற்று. ஆண்கள் கம்பெனியில் லோடு இறக்கப் போனார்கள். பெண்களுக்கு ஒன்றுமில்லை. அப்போது வந்த முதல் சிஸ்டர் ஓலைக் கொட்டகையில் தையல் வகுப்பு வைத்தார். தையல் கற்க வந்த பெண்கள் துணி அளவை எழுதத் தெரியாமல் திணறியதால் எழுத்து சொல்லிக்கொடுத்தார். அவர்களுடைய மகள்கள் பத்தாவதில் ஃபெயிலாகி வந்து நின்றதால் டியூஷன். அந்த மகள்கள் பிளஸ் டூ பாஸ் பண்ணியதும், "அடுத்து இன்னா சிஸ்டர்?" என்று கேட்டதால் கல்லூரி. இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. வந்தவர்கள் அடுத்து எதைக் கேட்டார்களோ அது நடந்தது.

இரண்டாவதாக வந்தவர்தான் முதல் பிரின்சிபால். கட்டடம் கட்டியவர், மிகவும் கண்டிப்பானவர். அவர் காலத்தில் பூ வைத்துக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். ஆனால் அவர் காலத்தில்தான் இரண்டு பெண்கள் பல்கலைக்கழக ரேங்க் வாங்கினார்கள். ஒருத்தி இப்போது வங்கி மேனேஜர். அந்த மேடம் ஒருமுறை எங்கள் விழாவுக்கு வந்தபோது தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வந்தார். "அவங்க இருந்தா பாத்துட்டுப் போவட்டும்னுதான் வெச்சிக்கினு வந்தேன்," என்று மேடையிலேயே சொன்னார். எல்லாரும் சிரித்தோம். சொன்னவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மூன்றாவது சிஸ்டர் பிரகாசி. லேட்டாக வரும் பெண்ணிடம் "ஏன் லேட்?" என்று கேட்க மாட்டார். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டினால் கான்வென்ட் சமையலறையில் போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். சில பேர் இட்லிக்காகவே லேட்டாக வருகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் புகார் எழுந்தது. "பசிச்சாத்தான வருவா?" என்றாராம்.

இந்த மூவருக்குப் பிறகு நான். சிஸ்டரும் இல்லை, கத்தோலிக்கரும் இல்லை. எங்கள் வீட்டில் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். மூன்று பேர் சேர்த்ததை இவள் கையில் வைத்து மூடினார்கள் என்று பேர் வருமே என்பதுதான் அந்த ஏப்ரல், மே முழுக்க என் பயம்.

3. கேன்வாஸ்

தனியார் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு மே மாதம் விடுமுறை கிடையாது. நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அட்மிஷன் கேன்வாஸ் போக வேண்டும். நானும் வணிகவியல் துறைத் தலைவி ஜெயந்தி அக்காவும் ஒரு ஷேர் ஆட்டோ பேசிக்கொண்டு தேர்வாய் கண்டிகையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போனோம். ஜெயந்தி அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டாக்டர் பட்டம் முடிக்காததால் நான் அவருக்கு மேலே வந்துவிட்டேன். அதைப் பற்றி அவர் வருத்தப்படுகிறாரோ என்று நான் தினமும் நினைப்பேன். அவரோ வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம், "பிரின்சிபால் மேடம், ஆட்டோல முன்னாடி குந்துங்க, மரியாதையா இருக்கும்," என்பார். முன்னாடி என்றால் டிரைவர் பக்கத்தில், பாதி சீட்டில்.

சில நாள் சிஸ்டரும் வந்தார். ஒரு ஊரில் குழாயடியில் நின்ற அம்மா ஒருத்தர் நோட்டீஸில் இருந்த சிலுவைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, பொண்ண அங்க சேத்தா உங்கள மாரி சிஸ்டரா ஆக்கிடுவீங்களாமே? அப்பறம் யாரு கல்யாணம் கட்டுவான்?"

சிஸ்டர் சிரிக்காமல் சொன்னார். "உங்க பொண்ணு எத்தன இட்லி தின்னுவா?"

"ஏழு, எட்டு துண்ணுவா."

"எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. படிச்சு முடிச்சதும் நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க."

குழாயடியே சிரித்தது. அந்த அம்மா நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் பெண்ணைச் சேர்க்கவில்லை. இது எல்லா ஊரிலும் நடந்தது. மோர் கொடுப்பார்கள், எனக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்பார்கள், நோட்டீஸை வாங்கிக்கொள்வார்கள். ஃபார்ம் மட்டும் வாங்க மாட்டார்கள்.

ஏன் என்று எங்களுக்குப் புரிந்தது பவித்ரா வீட்டில்தான். பிளஸ் டூ காமர்ஸில் அவள் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண். பதினெட்டு முடிந்ததும் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அவள் அப்பா காசி நாங்கள் போனபோது பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலேஜு நல்ல காலேஜுதான் மேடம். நான் இன்னா இல்லன்னா சொல்றேன்? ஆனா உங்க காலேஜுக்குப் போவ மெயின் ரோடு வரிக்கும் நடக்கணும், அப்பறம் பஸ்ஸு. கம்பெனி பஸ்ஸு ஊட்டாண்டயே வந்து நிக்கிது. ஏத்திக்கினு போறான், எறக்கி வுட்றான். உள்ளயே நாஷ்டா, சாப்பாடு. பொம்பளப் புள்ள, எனுக்கு பேஜாரு இல்ல."

"அவ மார்க்குக்கு நல்லா வருவா," என்றார் ஜெயந்தி அக்கா.

"வருவா. அப்பறம் இன்னா? இதே கம்பெனிக்குத்தானே வேலைக்குப் போவணும்?"

எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. உள்ளே இருந்து பவித்ரா வந்தாள். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை. மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"மேடம், ஷிப்டு முடிஞ்சி வந்து படிக்கலாமா? ஒரு வாரம் எனக்கு ஏ ஷிப்டு, காலைல ஆறுல இருந்து ரெண்டு. அடுத்த வாரம் பி ஷிப்டு, ரெண்டுல இருந்து ராத்திரி பத்து. லேடிஸுக்கு நைட்டு இல்ல."

"மதியத்துக்கு மேல கிளாஸ் வெச்சா?" என்றேன்.

"பி ஷிப்டு வாரத்துல நான் லைன்ல நிப்பேன் மேடம்."

"காலைல வெச்சா?"

"ஏ ஷிப்டு வாரத்துல அப்பவும் நிப்பேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் ஓடினாள். ஓடும்போதே திரும்பிப் பார்த்து, "பாத்து சொல்லுங்க மேடம்," என்றாள்.  

4. இரண்டு முறை சோறு

என் கணவர் சேகரும் ஷிப்ட்காரர்தான். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் சாமி படம் இல்லை, ஷிப்ட் கேலண்டர்தான் ஒட்டியிருக்கும். அவருக்கு பி ஷிப்ட் என்றால் காலையில் குழந்தை அவரோடு. நான் மதியம் ஓடிவந்து வாங்கிக்கொள்வேன். ஏ ஷிப்ட் என்றால் காலையில் பக்கத்து வீட்டு அக்கா, மூன்று மணிக்கு அவர். மனைவியும் கணவனும் ஒன்றாகச் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைதான்.

பவித்ராவைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த நாள். நான் வீட்டுக்கு வரும்போது சேகர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா மடியில் குழந்தை. பசியாக இருக்குமே என்று பருப்பு சாதம் பிசைந்து ஊட்டினேன். மகிழினி மறுக்காமல் சாப்பிட்டாள். இன்றைக்கு நல்ல பசி போல என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் முழுவதையும் என் புடவையில் வாந்தி எடுத்தாள்.

பயந்துபோய் போன் பண்ணினேன். ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எடுத்துவிட்டார்.

"ஏங்க, மகி வாந்தி எடுக்கறா. காலைல ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒண்ணும் இல்லையே. கெளம்பசொல்ல சோறு ஊட்டிட்டுத்தான வந்தேன்."

"ஊட்டிட்டீங்களா? நானும் ஊட்டினேன்."

"ஏய், சொல்லியிருக்கணும்ல நானு! சரி வுடு, அவ போதும்னு சொன்னாளா?"

"சொல்லலயே."

"யார் ஊட்டனாலும் துண்ணுவா, உன் பொண்ணு," என்று சிரித்துவிட்டு போனை வைத்தார்.

புடவையை அலசிக்கொண்டே யோசித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு நேரத்தில் இருக்கிறோம். யார் வீட்டில் இருக்கிறோமோ அவர் ஊட்டுகிறோம். அதனால் குழந்தை ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. தப்பு நடந்தால் இரண்டு முறை சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். கல்லூரியில் மட்டும் ஏன் ஒரு நேரத்தில் ஒரு முறைதான் பரிமாற வேண்டும்? அன்றைய பாடத்தைக் காலையில் ஒரு முறை நடத்தி, அதே பாடத்தை மதியம் இன்னொரு முறை நடத்தினால்? ஏ ஷிப்ட் வாரத்தில் பவித்ரா மதியம் வரலாம். பி ஷிப்ட் வாரத்தில் காலையில் வரலாம். எந்த வாரமும் எந்தப் பாடமும் தவறாது.

இதை இத்தனை வருடம் யாரும் யோசிக்காமல் இருந்திருப்பார்களா, அப்படியானால் இதில் ஏதாவது ஓட்டை இருக்க வேண்டுமே என்று அடுத்த யோசனையும் உடனே வந்தது.

5. மீட்டிங்

ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னதும் ஒரே சத்தம்.

"கலை, ஒரே பாடத்த ரெண்டு தடவயா? இன்னா, நாம டேப் ரெக்கார்டரா?" என்றார் ஜெயந்தி அக்கா. "காலைல நான் ஒரு ஜோக் அடிச்சா மதியம் அதே ஜோக்க எந்த முகத்தோட அடிக்கிறது?"

"முதல் வருஷ பி.காமுக்கு மட்டும்தான் அக்கா. ரெண்டாவது, மூணாவது வருஷத்துக்கு மாத்தல."

"வேலை நேரம்?"

"பாதிப் பேர் காலைல இருந்து மதியம். பாதிப் பேர் மதியத்துல இருந்து சாயந்திரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ் கூடும்." கொஞ்சம் தயங்கி, சொல்லலாமா கூடாதா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். "இப்ப நமக்கு கிளாஸே இல்லாமதான உக்காந்திருக்கோம் அக்கா."

 அளவுக்கு மீறிப் பேசிவிட்டோமோ என்று நினைத்தேன்.  ஜெயந்தி அக்காதான் முதலில் பேசினார்.

"இதான் ஃபர்ஸ்ட் டைம் நீ பிரின்சிபால் மாரி பேசினது. சரி, நான் மதியம். காலைல எனக்கு மூளை வேலை செய்யாது."

பல்கலைக்கழகத்தில் கேட்டோம். மொத்தப் பாட நேரமும் வருகையும் குறையாமல் இருந்தால் தடை இல்லை என்று வாயால் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. எழுத்தில் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கம்பெனிக்கு நானும் சிஸ்டரும் போனோம். ஹெச்.ஆர். அதிகாரி எங்கள் ஊர்ப் பையன்தான், நன்றாகப் பேசினார்.

"பஸ்ஸு உங்க காலேஜ் வாசல்ல நின்னுட்டுப் போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். ரூட்டுலதான் கீது. ஆனா ஷிப்டு முடியறப்ப ஆர்டர் இருந்தா ஓ.டி. பாக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வாங்க. அதுல நான் தலையிட முடியாது."

"தலையிட வேண்டாம் தம்பி. படிக்குற பிள்ளைகள் ஓ.டி. வேண்டாம்னு சொன்னா கட்டாயப்படுத்தாம இருந்தா போதும்."

"அதுவும் நான் கேரண்டி குடுக்க முடியாது."

"கேரண்டி கர்த்தர் குடுப்பாரு. நீ பஸ்ஸ நிறுத்து," என்றார் சிஸ்டர். அந்த ஹெச்.ஆர். தம்பி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுபடியும் ஊர்களுக்குப் போனோம். இந்த முறை நோட்டீஸில் பெரிய எழுத்தில் ஒரே வரிதான்: 'எந்த ஷிப்ட் வாரமானாலும் படிக்கலாம். கம்பெனி பஸ் கல்லூரி வாசலில் நிற்கும்.' காசி அதை இரண்டு முறை படித்தார். "பஸ்ஸு நிஜமா நிக்கிமா?" என்று கேட்டார். ஃபார்மில் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் இரண்டு பெஞ்ச் நிறைந்தது. பிறகு நான்கு. ஜூன் முடிவதற்குள் வகுப்பு நிறைந்துவிட்டது.

6. மதர் வந்த நாள்

முதல் வருடம் திறந்த இரண்டாவது வாரம், முன்கூட்டியே சொல்லாமல், காலையில் மதர் வந்து இறங்கினார். நிதானமானவர், அதிகம் பேசாதவர். நேராக முதல் வருட பி.காம் வகுப்புக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வகுப்பில் முக்கால்வாசி காலி.

அந்த வாரம் பெரும்பாலான பெண்களுக்கு ஏ ஷிப்ட். அவர்கள் மதியம்தான் வருவார்கள். மதர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிறிது நேரம் பாடம் கேட்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்.

"அட்மிஷன் நிறைஞ்சிருக்குன்னு சிஸ்டர் எழுதியிருந்தாங்க."

"மதர், மீதிப் பேர் ஷிப்டுல இருக்காங்க. ரெண்டே முக்காலுக்கு இதே பாடம் மறுபடி..."

"எனக்கு மதியம் திருவள்ளூர்ல மீட்டிங் இருக்கும்மா. பன்னெண்டுக்குக் கெளம்பணும்."

 சிஸ்டர் பிரகாசியைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். வீட்டில் ஆள் இல்லாமல் அன்று நான் கூட்டி வந்திருந்த மகிழினிக்கு அவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உரிப்பதைத் தொடர்ந்தார். இது உன் வேலை என்பது போல.

"மதர்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மதர், நீங்க காலை வகுப்பத்தான் பாத்தீங்க. பாதிய வெச்சு முடிவு பண்ணக் கூடாது. மீட்டிங்க தள்ளி வைக்க முடியுமா?"

 மதர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

ரெண்டே முக்கால் ஆயிற்று, பஸ் வரவில்லை. மூன்று ஆயிற்று, வரவில்லை. மதர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயந்தி அக்கா வகுப்பு வாசலில் கையில் சாக்பீஸோடு நின்றார். "ஓ.டி.ல புடிச்சி வெச்சிட்டானுங்க போல," என்று என் காதில் சொன்னார். நான் எதற்காக மதரை நிறுத்தினேன், இப்போது இவர் முன்னால் காலி பெஞ்சுகளையும் காட்டிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பஸ் வந்தது. நீலக் கோட்டுகள் இறங்கின. எல்லாரும் இல்லை. சிலரை ஓ.டி.க்கு நிறுத்திவிட்டார்கள் என்று முதலில் இறங்கிய பெண் சொன்னாள். ஆனாலும் பெஞ்சுகள் பெரும்பாலும் நிறைந்தன. தொப்பி போட்ட அடையாளம் எல்லார் நெற்றியிலும் கோடாக இருந்தது. கான்வென்ட் சமையலறையிலிருந்து டீயும் சுண்டலும் வந்தன. ஜெயந்தி அக்கா டெபிட், கிரெடிட் ஆரம்பித்தார்.

மதர் மறுபடியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் பவித்ரா. பாடம் பாதி போகும்போது அவள் தலை மெதுவாகச் சாய்ந்து பெஞ்ச்மேல் விழுந்தது. தூங்கிவிட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பவித்ராவா தூங்க வேண்டும், அதுவும் இன்றைக்கா என்று நினைத்தேன்.

மதர் அவளை எழுப்பவில்லை. அடுத்திருந்த பெண்ணிடம் மெல்லக் கேட்டார். "ஏன் தூங்கறா?"

"நாலு மணிக்கு எழுந்தா மதர். எட்டு மணி நேரமும் நின்னுக்கினேதான் வேலை."

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வரணும்? வேலைதான் இருக்கே."

பவித்ரா கண் விழித்துவிட்டாள். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்ததும் எழுந்து நிற்கப் போனாள். மதர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவளே பதில் சொன்னாள்.

"கான்ட்ராக்ட் மூணு வருஷம்தான் மதர். முடிஞ்சா அனுப்பிடுவாங்க, வேற புள்ளைங்கள எடுத்துப்பாங்க. டிகிரியும் மூணு வருஷம். அவங்க அனுப்பற அன்னிக்கு எனுக்கு இது கையில இருக்கும்."

ஜெயந்தி அக்கா சாக்பீஸை நிறுத்திவிட்டார். பவித்ரா அப்பா கேட்ட கேள்விக்கு மே மாதம் எங்களுக்கு வராத பதில் இதுதான். இவள் அதை முதலிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தாள், நாங்கள் கேட்கவில்லை.

சாயந்திரம் கார் கிளம்பும் முன் மதர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பிள்ளைங்க மூணு வருஷம் முடிக்கற வரைக்கும் இது காலேஜ்தான். அதுக்கு அப்பறம் பேசலாம்."

"அடுத்த வருஷம் புதுசா சேர்றவங்க மதர்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் இப்படிக் கேட்கலாமா என்று தோன்றியது.

மதர் சிஸ்டர் பிரகாசியைத் திரும்பிப் பார்த்தார். "இவங்கள எங்க புடிச்சீங்க?"

"வேற ஆள் இல்லல்லா மதர்," என்றார் சிஸ்டர்.

மதர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "அவங்களும் முடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

7. இப்போது

இது பெரிய வெற்றி என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். முதல் வருடத்தில் சேர்ந்தவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம். ஒருத்தியைக் கம்பெனி வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டது. ஓ.டி. வாரங்களில் மதிய வகுப்பு இன்னும் பாதி காலியாகத்தான் இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து டெபிட், கிரெடிட் நடத்துவது சரிதானா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது. என் மகள் பெரியவளாகி இப்படிப் படிக்க வேண்டியிருந்தால் நான் ஒத்துக்கொள்வேனா? தெரியவில்லை. ஆனால் பவித்ரா இப்போது இரண்டாம் வருடம், இரண்டு வேளை வகுப்பும் அவர்களோடு இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டது. தூங்கினால் நாங்கள் யாரும் எழுப்புவதில்லை. அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பாடத்தை ஜெயந்தி அக்காவிடம் கேட்டுக்கொள்கிறாள்.

புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியைகளுக்கு இந்த அனுபவத்திலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வகுப்பில் நுழைந்ததும் காலி பெஞ்சைப் பார்த்து யார் வரவில்லை என்று கோபப்படாதீர்கள். அந்தப் பெண் இந்த நேரத்தில் எங்கே நின்றுகொண்டிருக்கிறாள் என்று முதலில் கேளுங்கள். பிறகு அவள் உட்கார வரக்கூடிய நேரத்தில் போய்ப் பாடம் நடத்துங்கள்.